நார்மலுக்கு இடது பாதி, ஜூமுக்கு வலது பாதி

ஆம்பூரில் நான் வேலை பார்த்த தோல் ஷாப்பில் (டேனரியைத்தான் அங்கே ஷாப்பு என்பார்கள்) எந்தப் பொருளையும் நல்லது, கெட்டது என்று சொல்லி விட்டுவிட மாட்டார்கள். ரகம் பிரிப்பார்கள். கேன்டீன் டீ வந்தால் ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னைக்கு மூணாம் ரகம்" என்பார்கள். தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்க ராணிப்பேட்டை போய்விட்டு வந்த ஒருவர், "ரெண்டாம் ரகம்பா. முதுகு நல்லா கீது, ஓரந்தான் லூசு" என்று சொன்னார். அந்தக் கல்யாணம் நடந்தது. முதுகு நன்றாக இருந்தால் போதும் என்று பெண் வீட்டில் முடிவு செய்திருப்பார்கள்.

பிள்ளைகளே, இந்த முதுகு சமாச்சாரத்தை மட்டும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். மாட்டுத் தோலை விரித்துப் போட்டால் நடுவில் முதுகெலும்பு ஓடிய கோடு இருக்கும். அதையொட்டிய இடம் கெட்டியாக, நெருக்கமாக இருக்கும். இரண்டு பக்கத்து ஓரமும் வயிறு. அங்கே தோல் தொளதொளவென்று, சுருக்கம் சுருக்கமாக இருக்கும். அதைத்தான் லூசு என்பார்கள். ஷூ செய்கிறவன் முதுகைத் தேடுவான். வயிற்றை யாரும் கேட்டு வாங்குவதில்லை.

நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். தோல் ஷாப்புக்கு வருவதற்கு முன் வேலூரில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். வருகிறவர்கள் பாதிப் பேர் நோயாளிகள், மீதிப் பேர் அவர்களைக் கூட்டி வந்தவர்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள் என்பதால் வேலை சுலபம். பிறகு ஆம்பூரில் ஸ்டோரில் இடம் கிடைத்தது. கெமிக்கல் டிரம், பிரஷ், சாக்பீஸ் எல்லாம் எடுத்துக் கொடுக்கிற வேலை. அங்கே எல்லோரையும் செக்‌ஷன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நான் "ஸ்டோர்".

எண்பதுகளின் தொடக்கம் அது. முதலாளியின் மகனை நாங்கள் சின்னவர் என்போம். மெட்ராஸில் பி.காம். படித்தவர். வெளிநாட்டில் தோல் கண்காட்சிக்குப் போய்விட்டு ஒரு கேமராவோடு வந்தார். ஷூவின் மேல்பாகம் தைத்து அனுப்ப ஆரம்பித்திருந்த காலம். வாங்குகிற வெள்ளைக்காரர்கள் மாதிரியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்களாம். கேமராவோடு இரண்டு லென்ஸ் வந்தன. கடைக்காரன் ஒன்றைக் காட்டினான், இன்னொன்றைக் காட்டினான், எது நல்லது என்று தெரியாமல் சின்னவர் இரண்டையும் வாங்கிவிட்டார். முடிவெடுக்க முடியாதவர் வசதியானவராகவும் இருந்தால் ஊர் அவரைத் தாராள மனசுக்காரர் என்று சொல்லும்.

ஸ்டுடியோ அனுபவம் உள்ளவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். பெட்டியைத் திறந்து இரண்டையும் வெளியே எடுத்தேன். ஒன்று நார்மல் லென்ஸ். இன்றைக்கு பிரைம் என்கிறார்கள், அப்போது எங்களுக்கு அது நார்மல்தான். குட்டையாக, பார்வைக்கு ஒன்றுமில்லாமல் இருக்கும். அது கிட்டே வராது, எட்டப் போகாது. உருவம் பெரிதாக வேண்டுமென்றால் நீங்கள் நடந்து கிட்டே போக வேண்டும். ஆனால் அதன் கண் நன்றாக விரியும். மங்கலான அறையிலும் வெளிச்சத்தை வாரி எடுத்துக்கொள்ளும். மற்றது ஜூம். டார்ச் லைட் நீளம். வளையத்தைத் திருகினால் தூரத்தில் இருப்பவன் பக்கத்தில் வருவான். நடக்க வேண்டாம். ஆனால் அதன் கண் சிறியது. வெயில் இல்லாவிட்டால் திணறும்.

சின்னவருக்கு ஜூம் மேல்தான் ஆசை. அமிர்தி மிருகக்காட்சிச் சாலைக்கு எடுத்துக்கொண்டு போய் மான்களைப் படம் பிடித்தார். கம்பி வேலி நன்றாக விழுந்திருந்தது.

இரண்டும் ஷாப்பிலேயே இருந்திருந்தால் எழுத ஒன்றுமில்லை. முதலாளிக்கு மெட்ராஸ் பெரியமேட்டில் ஒரு மச்சான் இருந்தார். அவரும் கேமரா பிரியர். ஒரு லென்ஸ் கொடுங்கள் என்று போனில் கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சாப்பிட வரும்போது வாங்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

"ரெண்டுல எது நல்லதோ அத வெச்சிக்கினு இன்னொண்ண குடுத்துடு" என்று முதலாளி சின்னவரிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "இன்னா ஸ்டோர், பாத்து சொல்றியா?" என்றார்.

எது தங்குகிறது என்பதில் எனக்கும் ஒரு காரியம் இருந்தது. பெரியவளே, நீ பிறந்து சில மாதம் ஆகியிருந்தது. அடுத்து வருகிற ஞாயிறு உனக்கு ஞானஸ்நானம். அன்றைக்குக் கேமராவைக் கொண்டு போக முதலாளி ஏற்கனவே சம்மதம் கொடுத்திருந்தார். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாருடைய ஞானஸ்நானமும் படமாக இல்லை. எனக்கு நடந்ததற்கு அத்தாட்சியாக என் பெயர்தான் இருக்கிறது.

சிக்கல் கோயிலுக்குள் இருந்தது. எங்கள் கோயிலில் ஜன்னல்கள் உயரம், வெளிச்சம் கம்மி. ஐயர் பிளாஷ் அடிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். (எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்.) அதற்கு முந்தின கல்யாணத்தில் ஒரு போட்டோகிராபர் பிளாஷோடு மேலேறி, மாப்பிள்ளைக்கும் ஐயருக்கும் நடுவில் நின்று, உடன்படிக்கை சொல்லி முடித்ததும், "ஐயா, படம் விழல. இன்னொரு தபா சொல்லுங்க" என்று கேட்டுவிட்டான். அன்றிலிருந்து சட்டம் வந்துவிட்டது. பிளாஷ் கிடையாது. முன் வரிசை பெஞ்சைத் தாண்டி யாரும் வரக் கூடாது.

ஆகவே பிளாஷ் இல்லாமல், மங்கலில், பெஞ்சில் இருந்தபடியே எடுக்க வேண்டும். மங்கலுக்கு நார்மல் வேண்டும். தூரத்துக்கு ஜூம் வேண்டும். நான் யோசித்து யோசித்து நார்மல்தான் சரி என்ற முடிவுக்கு வந்திருந்தேன். உங்கள் அம்மா மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். எதையும் கேள்வி கேட்டுத்தான் ஒப்புக்கொள்வாள்.

"அந்த நார்மல்ல எடுத்தா பாப்பா மூஞ்சி எவ்ளோ பெருசா விழும்?"

"முன் பெஞ்சிலேருந்து எடுத்தா ஒரு பட்டாணி."

"ஜூம்ல?"

"கொய்யாப்பழம்."

"அப்புறம் இன்னாங்க யோசனை? கொய்யாப்பழம் எடுங்க."

"இருட்டும்மா. ஜூம்ல மெதுவாத்தான் எடுக்கணும். பாப்பா அசைஞ்சா கலங்கிடும்."

"பட்டாணி கலங்காதா?"

"நார்மல்ல டக்குன்னு எடுத்துடலாம். பட்டாணி தெளிவா இருந்தா ஸ்டுடியோல பெருசு பண்ணிக்கலாம். கொய்யாப்பழம் கலங்கிப்போச்சின்னா, தர்பூசணி ஆக்கினாலும் கலங்கல்தான்."

 "எனக்கு எம் பொண்ணு மூஞ்சி தெளிவா தெரியணும். பழம் எதுவோ உங்க இஷ்டம்" என்றாள்.

லென்ஸ் தெளிவானதா என்று பார்க்க வேலூர் ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் உண்டு. செய்தித்தாளைச் சுவரில் குத்திவிட்டுப் படம் எடுப்போம். நடு எழுத்தை எல்லா லென்ஸும் படிக்கும். மூலையில் இருக்கிற பொடி எழுத்தைப் படிக்க முடிகிறதா என்பதுதான் சோதனை. இதை முதலாளியிடம் சொன்னேன்.

"பேப்பரா? நாம பேப்பரா விக்கிறோம்?"

"இல்ல மொதலாளி, எழுத்து சின்னதா இருக்கறதால, ஓரத்துல படிக்க முடியுதான்னு..."

"படிக்கறதுக்கு கண்ணாடி வாங்கிக்கோ. லென்ஸு தோலுக்கு வந்தது. தோல்ல பாரு."

அவர் சொன்னதில் நியாயம் இருப்பது போலவே இருந்தது. தோலில் பார்ப்பது என்று ஆனதும் ரகம் பிரிக்கிற பெரிய மாஸ்டரைக் கூப்பிட்டார்கள். அவர் பெருவிரலால் தொட்டு, தோல் எந்தப் பக்கத்துச் சந்தையில் இருந்து வந்தது என்று சொல்பவர் எனப் பெயர் வாங்கியவர். சொன்னது சரியா என்று யாரும் சந்தைக்குப் போய்க் கேட்டதில்லை. மாஸ்டர் நிற்காமலேயே தீர்ப்புச் சொன்னார்.

"ஒரு தோல எடு. முதுகுல ரெண்டா கீசு. இடது பாதி ஒரு லென்ஸுக்கு, வலது பாதி இன்னொரு லென்ஸுக்கு. முடிஞ்சிது."

எல்லோரும் தலையாட்டினோம். டேனரியில் எந்தச் சோதனையும் அப்படித்தான் நடக்கும். புதுச் சாயம் ஒன்று வந்தால் ஒரே மாட்டின் தோலை முதுகுக் கோட்டில் இரண்டாக வெட்டுவார்கள். இடது பாதி பழைய சாயத்துக்கு, வலது பாதி புதுச் சாயத்துக்கு. இரண்டு மாடு ஒன்று போல இருக்காது, ஒரு மாட்டின் இரண்டு பக்கம் ஒன்று போல இருக்கும். இதைவிட நேர்மையான சோதனை கிடையாது. சாயத்தில் ஊறிய தோலை மறுபடி இன்னொரு சாயத்தில் ஊறப் போட முடியாதல்லவா?

லென்ஸ் தோலை ஊறப் போடுவதில்லை. பார்த்துவிட்டுப் போய்விடும். ஒரே துண்டை முதலில் ஒரு லென்ஸும் பிறகு இன்னொரு லென்ஸும் பார்த்தால் தோலுக்கு ஒன்றும் ஆகாது. இது அங்கே நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பங்கு சமமாகப் பிரிந்துவிட்டது என்ற திருப்தியில் இருந்தோம்.

நல்ல கறுப்புத் தோல் ஒன்றை இரண்டாக்கி, மேலே மொட்டை மாடியில் பலகையில் பக்கம் பக்கமாக ஆணி அடித்து மாட்டினோம். நடுவில் ஒரு கை அகலம் இடைவெளி. சின்னவருக்குக் கணக்கு வழக்கில் நம்பிக்கை அதிகம். ஸ்கேல் கொண்டு வந்தார்.

"ரெண்டுலயும் ஒரே எடத்த எடுக்கணும்பா. இல்லாட்டி நாளைக்கு மாமா கேப்பாரு, ஓரவஞ்சனை பண்ணிட்டீங்களான்னு."

ஒவ்வொரு பாதியிலும் இடது ஓரத்தில் இருந்து ஒரே அளவு, மேலிருந்து ஒரே அளவு. சாக்பீஸால் வட்டம் போட்டார். மறுபடி அளந்தார். முடி அளவுகூட வித்தியாசம் இல்லை. நான் வெயிலைப் பார்ப்பதிலும் ஸ்டாண்டை நிமிர்த்துவதிலும் இருந்தேன். இடது பாதியை நார்மலில் எடுத்தேன். ஜூமுக்கு ஸ்டாண்டைப் பின்னால் தள்ளி, வட்டம் அதே அளவில் விழும்படி வைத்து, வலது பாதியை எடுத்தேன். வேலை சுத்தமாக இருந்தது. அப்படி ஒரு ஒழுங்கான சோதனையை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

பஜார் ஸ்டுடியோவில் கழுவிப் பெரிய அளவில் இரண்டு பிரிண்ட் போட்டுக் கொண்டு வந்தோம். பின்னால் பென்சிலில் "நா", "ஜூ" என்று எழுதியிருந்தேன். முதலாளி, சின்னவர், நான் மூவரும் மாஸ்டரின் மேசைக்குப் போனோம். மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முதல் படத்தை எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்தார். பெருவிரலால் தேய்த்தார். வாயால் ஊதினார். பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். தோலைச் செய்வது போலப் படத்தை முகம் உள்ளே போகும்படி மடித்தார். தோலானால் மடித்த இடத்தில் சுருக்கம் எப்படி விழுகிறது என்று பார்ப்பார்கள். படம் பட்டென்று வெடித்தது.

"ஃபினிஷிங் சரியில்ல" என்றார் மாஸ்டர்.

"மாஸ்டர், அது பேப்பர்" என்றேன்.

"பேப்பர்னா இன்னா, ஃபினிஷிங் வேணாமா?"

இரண்டாவது படத்தை மடிப்பதற்கு முன் கையைப் பிடித்துக்கொண்டேன். பார்த்தே சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டோம். அவர் இரண்டையும் மேசையில் வைத்து, ஒரே பார்வை பார்த்தார்.

"இது லூசு. இது டைட்டு. இது மூணாம் ரகம். இது ஒண்ணு."

லூசு என்றதைத் திருப்பிப் பார்த்தோம். "நா" என்று இருந்தது.

"அப்போ ஜூம் இங்க நிக்கட்டும்" என்றார் முதலாளி. "நார்மல மச்சானுக்குக் குடுத்துடு."

பெரியவளே, உன் ஞானஸ்நானமே மேசையில் இருந்து வழுக்கிக் கீழே விழுவது போல இருந்தது. நார்மலில் எடுத்த படத்தைக் கையில் எடுத்தேன். வெடித்துப்போன கோட்டைத் தவிர மற்ற இடமெல்லாம் எவ்வளவு தெளிவு! ஒவ்வொரு மயிர்க்காலும், ஒவ்வொரு பொடிச் சுருக்கமும் தனித்தனியாக இருந்தது. ஜூமில் எடுத்தது வழவழவென்று இருந்தது. அந்த வழவழப்பு தோலினுடையதா லென்ஸினுடையதா என்று சொல்ல முடியவில்லை.

"மொதலாளி, இத பாருங்க. ஒவ்வொரு சுருக்கமும் எப்பிடி தெரியுது பாருங்க."

முதலாளி குனிந்து பார்த்தார். "ஆமா, தெரியுது."

"மூலையில கூட தெரியுது."

"ஆமாம்பா. எல்லா எடத்துலயும் சுருக்கம். அதத்தான மாஸ்டரும் சொல்றாரு, லூசுன்னு?"

நான் எதைக் காட்டினாலும் அது எனக்கு எதிரான சாட்சியாகவே போய் நின்றது. தெளிவாகத் தெரிகிறது என்றால் குறை தெளிவாகத் தெரிகிறது. குறை இருக்கிற லென்ஸை யார் வைத்துக்கொள்வார்கள்? எனக்குள்ள படிப்புக்கு அதை ஒப்புக்கொண்டேன். பி.காம். படித்தவரும் ஒப்புக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மச்சான் வந்தார், பிரியாணி சாப்பிட்டார், நார்மலைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். தேறாதது தனக்கு வந்திருக்கிறது என்று சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டதாகக் கேள்வி.

மறுநாள் காலை மாடியில் இருந்த இரண்டு பாதியையும் கழற்றி ஸ்டோருக்குக் கொண்டு வந்தேன். மடிப்பதற்காகத் தரையில் விரித்தேன். வெட்டின கோடு ஒன்றோடொன்று ஒட்டும்படி, மாடு இருந்த மாதிரியே வைத்தேன். அப்போதுதான் சாக்பீஸ் வட்டங்களைப் பார்த்தேன்.

வலது பாதியின் வட்டம் முதுகுக் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. இடது பாதியின் வட்டம் அந்தக் கடைசியில், வயிற்றில் இருந்தது.

உங்கள் இரண்டு கையையும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கையிலும் இடது பக்கத்து முதல் விரலைத் தொடுங்கள். ஒரு கையில் அது சுண்டு விரல், இன்னொரு கையில் கட்டை விரல். அதேதான். சின்னவர் இரண்டு பாதியிலும் இடது ஓரத்தில் இருந்தே அளந்திருக்கிறார். இடது பாதிக்கு இடது ஓரம் வயிறு. வலது பாதிக்கு இடது ஓரம் முதுகு. அவ்வளவு சரியாக அளக்காமல் குத்துமதிப்பாக வட்டம் போட்டிருந்தால் ஒருவேளை தப்பித்திருப்போம்.

ஓடினேன் மாஸ்டரிடம்.

"மாஸ்டர், நார்மல்ல எடுத்தது வயிறு. ஜூம்ல எடுத்தது முதுகு."

"தெரியும்."

"தெரியுமா?"

"பாத்தா தெரியாதா? இத்தினி வருஷமா இன்னாத்த பாத்துக்கினு கீறேன்? வயிறு லூசு. லூசுன்னு சொன்னேன். முதுகு டைட்டு. டைட்டுன்னு சொன்னேன். எங்க தப்பு?"

"லென்ஸப் பத்தி இல்ல கேட்டாங்க?"

"எங்கிட்ட எவன் லென்ஸ குடுத்தான்? போட்டோ குடுத்தீங்க. போட்டோல தோல் இருந்துச்சு. பாத்து சொன்னேன்." பிறகு என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இரக்கப்பட்டார். "ஆனா ஒண்ணு. போட்டோவுலயே வயிறுன்னு கண்டுபிடிக்கிற மாதிரி எடுத்திருந்தே. சோக்கா எடுத்திருந்தே, போ."

சின்னவரிடம் போய்ச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"நான் ஸ்கேல் வெச்சி அளந்தேனே. ரெண்டும் ஒரே அளவு."

"அதான் சார் பேஜாராப் போச்சு."

தரையில் காட்டின பிறகு ஸ்கேலை எடுத்து வந்து மறுபடி அளந்து பார்த்தார். "மாமாகிட்ட குடுத்தத திருப்பி கேக்க முடியாதுப்பா. எங்க ஊட்ல அது நடக்காது" என்றார். பிறகு, "ஜூமுக்கு இன்னா கொறச்சல்? நடக்க வேணாம் பாரு" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

மாஸ்டர் மட்டும் பிற்பாடு ஒரு நாள் கேன்டீனில் வேறு விதமாகச் சொன்னார். "விக்கிறவனுக்கு ஜூம்தான்பா நல்லது. வாங்கறவனுக்குத்தான் நார்மல்." தோல் வழவழவென்று விழுந்த படங்களைத்தான் ஷாப்பு அனுப்பிக்கொண்டிருந்தது. பார்த்தவர்கள் யாரும் மனம் நொந்ததாகத் தெரியவில்லை.

சரி, இருக்கிற ஜூமை வைத்துக்கொண்டு எப்படியாவது எடுத்துவிடலாம் என்று சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து திட்டம் போட்டேன். பெஞ்சின் முதுகில் ஊன்றி எடுப்பது, பாப்பா தூங்குகிற நேரமாகப் பார்த்து எடுப்பது, இப்படி. உங்கள் அம்மா உன் வெள்ளைக் கவுனுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அது சரிங்க. ஐயரு பாப்பாவ வாங்கறப்போ நீங்க எங்க நிப்பீங்க?"

"முன் பெஞ்சில. ஓரத்துல."

"அப்போ எம் பக்கத்துல யாரு நிப்பாங்க? உங்க ஜூமா?"

  பிள்ளையின் தகப்பன் ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஐயர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இத்தனை நாளும் எந்த லென்ஸ் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். கேமராவுக்குப் பின்னால் யார் என்று யோசிக்கவே இல்லை.

"பாப்பாவுக்கு அப்பா யாருன்னு ஐயரு கேட்டா, அதோ பெஞ்சில ஒரு கண்ண மூடிக்கினு ஒக்காந்திருக்காரேன்னு காட்டறேன்" என்றாள்.

ஊரில் அந்தக் கேமராவைத் தொடத் தெரிந்தவர் இன்னும் ஒரே ஒருவர்தான். சின்னவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது.

ஞாயிறு காலை கஞ்சி போட்ட சட்டையில், எல்லோருக்கும் முன்னால் வந்து கோயில் வாசலில் நின்றார். "தொப்பி போடணுமாப்பா?" என்று ரகசியமாகக் கேட்டார். "எங்க கோயில்ல ஆம்பளைங்க கழட்டணும் சார்" என்றேன். பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். முன் பெஞ்சின் முதுகில் பாட்டுப் புத்தகங்களை அடுக்கி அதன் மேல் கேமராவை வைத்துக் கொடுத்தேன். தொட்டிக்கு நேராகத் தூரம் சரி பண்ணி வைத்தேன்.

"சார், எல்லாம் செட் பண்ணியாச்சு. வளையத்த தொடாதீங்க. பட்டன மட்டும் அமுக்குங்க."

"சரிப்பா."

"ரொம்ப மெதுவா எடுக்கும். நீங்க ஆடக் கூடாது."

"சரிப்பா. நான் இன்னா சின்னப் புள்ளயா?"

உங்கள் அம்மாவிடமும் சொல்லி வைத்தேன். "ஐயரு தண்ணி ஊத்தறப்போ மூச்சுகூட விடாத. சிலை மாதிரி நில்லு." அவள் தலையாட்டினாள். அவள் ஒரு காரியத்துக்கு ஒப்புக்கொண்டால் அதை முழுசாகச் செய்வாள் என்று உங்களுக்குத் தெரியும்.

தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றோம். பிசாசையும் அதன் கிரியைகளையும் விட்டுவிடுகிறாயா என்று ஐயர் கேட்டபோது நான் சின்னவரின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய விரல் வளையத்தின் மேல் இருந்தது. மெள்ளத் திருகிக்கொண்டிருந்தார். மானைப் பார்த்த அதே முகம். நான் பதில் சொல்லாததால் ஐயர் இரண்டாம் முறை கேட்டார். பின் வரிசையில் ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. "விட்டுவிடுகிறேன்" என்று உரக்கச் சொன்னேன். சின்னவர் தன்னைத்தான் விடச் சொல்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, வளையத்தில் இருந்து கையை எடுத்தார். அந்தச் சமயம் பார்த்துத் தண்ணீர் விழுந்தது. நீ கோயில் கூரை அதிரக் கத்தினாய். கையையும் காலையும் உதைத்தாய். டிக் என்று கேட்டது. கொஞ்சம் கழித்து டக் என்று கேட்டது. இரண்டுக்கும் நடுவில் நீ எவ்வளவு உதைத்திருப்பாய் என்று கணக்குப் போட்டுக்கொண்டே ஆமென் சொன்னேன்.

ரோல் கழுவி வந்தது. பெரும்பாலான படங்களில், சின்னவர் திருகின திருகலில், கோயில் முழுவதும் நடுவில் இருந்து நாலா பக்கமும் ஓடுவது போல் இருந்தது. ஒன்றே ஒன்று தேறியது. அதைப் பிரிண்ட் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தேன். உங்கள் அம்மா வாசல் வெளிச்சத்துக்குப் போய்ப் பார்த்தாள்.

படத்தில் ஐயருக்கு ஏழெட்டு விரல்கள் இருந்தன. ஓரத்தில் என்னுடைய முழங்கை மட்டும் இருந்தது, ஜூம் என்னை அவ்வளவுதான் சேர்த்துக்கொண்டது. நடுவில் உங்கள் அம்மா. மூச்சுகூட விடாமல் நின்றிருக்கிறாள். சேலை நூல் எண்ணலாம். கழுத்துச் சங்கிலிக் கண்ணி எண்ணலாம். குனிந்து பார்க்கிற கண்ணில் இமை மயிர் ஒவ்வொன்றும் தனியாக இருந்தது.

"பாப்பா எங்கங்க?"

"இதோ. உன் கையில."

"இது துண்டு."

"துண்டு இல்லம்மா. பாப்பா."

படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள். அவள் கையில் வெள்ளையாகப் புகை மாதிரி ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அதற்கு முகம் இல்லை. அவள் உன்னைத் தூக்கி, ஈரமாக இருந்த உன் மூக்கைத் துடைத்தாள். நான் மச்சானையும் ஸ்கேலையும் மாட்டின் வயிற்றையும் மனதுக்குள் திட்டிக்கொண்டு நின்றேன்.

மறுபடி படத்தை எடுத்துப் பார்த்துவிட்டு அவளே கேட்டாள். "ஏங்க, நான் நல்லா இருக்கேன்ல?"

"ரொம்ப நல்லா இருக்கே."

"கல்யாண போட்டோல கூட இவ்ளோ நல்லா இல்ல. இத பெருசு பண்ணிட்டு வாங்க."

மறுநாள் பஜார் ஸ்டுடியோவுக்குக் கொண்டு போனேன். ஸ்டுடியோக்காரர் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அம்மா முகம் அருமையாக விழுந்திருக்கிறது, கீழே இருக்கிற அந்த வெள்ளைப் புகையை வெட்டிவிட்டால் சுத்தமாக இருக்கும், வெட்டிவிடட்டுமா என்று கேட்டார்.

"வேணாம்ணே" என்றேன். "அந்தப் புகைக்குத்தான் ஞானஸ்நானம்."